இருதயமும் திருவுளச் சீட்டும்

இரவு இரண்டு மணி. வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். ஐம்பத்தைந்து வயதுள்ள குடும்பத் தலைவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து மார்பைத் தடவிக்கொள்கிறார். மார்பின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல் ஒரு பாரம்; இடது தோளிலிருந்து முழங்கை வரையில் ஒரு குடைச்சல்; நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மனைவி விழித்துக்கொள்கிறாள். "ராத்திரி சாப்பிட்ட உருளைக்கிழங்கு, வெறும் வாயுதான்" என்கிறார் அவர். ஓமத் தண்ணீர் வருகிறது. அது கேட்காமற் போகவே சுக்குக் கஷாயம் வருகிறது. "இந்த வேளையில் டாக்டரை எழுப்புவானேன்? விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று முடிவாகிறது.

இந்தக் காட்சி நடவாத தெரு நம் தேசத்தில் ஒன்றுகூட இராது. பல வீடுகளில் பொழுது விடிந்ததும், வாயுதான் என்று தெரிந்து சிரித்துக்கொள்கிறார்கள். சில வீடுகளில் பொழுது விடிவதற்குள் அழுகுரல் கேட்கிறது.

"விடியட்டும்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு விலை உண்டு. அந்த விலை ஒரு மணிக்கு எவ்வளவு, மூன்று மணிக்கு எவ்வளவு என்று இன்று வைத்திய சாஸ்திரத்துக்கு ஏறத்தாழத் தெரியும். யாரோ ஒரு மேதாவி நாற்காலியில் சாய்ந்து யோசித்துக் கண்டுபிடித்த விஷயம் அல்ல இது. தாங்களே நோயில் கிடந்து துடித்த வேளையில், தங்களைப் பரீட்சைக்கு உட்படுத்தச் சம்மதித்த பல்லாயிரம் சாதாரண மனிதர்களால் தெரிய வந்த விஷயம். அவர்களுடைய கதையைத்தான் நேயர்களுக்கு இங்கே சொல்லப்போகிறோம்.

உழைப்பாளியின் உணவு

நம் இருதயம் அவரவர் கைமுஷ்டி அளவுள்ள ஒரு தசைப் பிண்டம். நிமிஷத்துக்குச் சுமார் எழுபது தடவை, நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அது சுருங்கி விரிகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றும் தீபாவளி என்றும் அதற்கு ஓய்வு கிடையாது. உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை வழங்கும் அந்த உழைப்பாளிக்கும் உணவு வேண்டும் அல்லவா? அதற்காக மகா நாடியின் அடிவாரத்திலேயே இரண்டு சிறு ரத்தக் குழாய்கள் கிளம்பி, இருதயத்தின் மேற்புறத்தைக் கொடிபோல் சுற்றிப் படர்கின்றன.

இந்தக் குழாய்களின் உட்சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவின் மேல்தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில், கையில் பட்ட காயத்தின்மேல் ரத்தம் உறைவதுபோலவே, ரத்தம் உறைந்து கட்டியாகிறது. காயத்தில் உயிரைக் காக்கும் அந்தக் குணமே இங்கே உயிருக்கு உலையாகிறது. குழாய் அடைபடுகிறது, அதற்கப்பால் உள்ள தசை பட்டினியால் சாகத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. தசை ஒரே நொடியில் செத்துவிடுவதில்லை. மணிக்கணக்கில் சிறிது சிறிதாகச் சாகிறது. செத்த தசை மறுபடியும் பிழைப்பதில்லை. ஆகவே, மாரடைப்பின் வைத்தியம் முழுவதும் கடிகாரத்துடன் நடக்கும் போட்டிதான்.

இன்று பள்ளிச் சிறுவனும் சொல்லக்கூடிய இவ்விஷயத்தை நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வைத்தியர்களுக்கு 1980-ஆம் வருஷம் வரையில் பிடித்தது என்றால் நம்ப முடிகிறதா?

காதும் கம்பியும்

மார்புக்குள் மறைந்திருக்கும் உறுப்பின் சேதியை வெளியிலிருந்து அறிவதுதான் முதற் பிரச்னை. 1816-ஆம் வருஷத்தில், பாரிஸ் நகரத்து வைத்தியரான லாயென்னெக் என்பவர், ஓர் இளம் பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, ஒரு காகிதக் கத்தையைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேராகக் காதை வைத்துக் கேட்டதைவிட இருதயத்தின் ஓசை அதில் தெளிவாகக் கேட்டது. அந்தக் கூச்சத்தில் பிறந்ததுதான் இன்று ஒவ்வொரு டாக்டரின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்.

ஆனால் மாரடைப்பைக் காதால் மட்டும் கண்டுபிடித்துவிட முடியாது. இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் மிகச் சிறிய மின்சார அலை ஒன்று பிறக்கிறது. அதைப் படமாக எழுதிக் காட்டியவர், ஜாவாத் தீவில் பிறந்த டச்சுக்காரரான ஐந்தோவன். லெய்டன் நகரில் அவர் அமைத்த யந்திரத்தின் விவரம் 1903-இல் வெளியாயிற்று. அதன் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ச் சாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ராட்சச யந்திரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல முடியாமையால், ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியின் இருதய அலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆராய்ச்சிச் சாலைக்கு வரவழைத்தார் ஐந்தோவன். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இன்று சிறு பெட்டி ஒன்றில் அடங்கி, சில நிமிஷங்களில் எடுக்கப்படும் ஈ.ஸி.ஜி. படத்தின் பாட்டனார் அந்த யந்திரமே. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் டாக்டர் முதலில் கேட்பதும் அந்தப் படத்தைத்தான்.

படுக்கைச் சிறை

சிக்காகோ நகரின் ஹெர்ரிக் என்ற வைத்தியர் 1912-இல் ஒரு கட்டுரை எழுதினார். இருதயக் குழாய் திடீரென்று அடைபட்டால் மரணம் நிச்சயம் என்று அதுவரையில் எண்ணியிருந்தார்கள். 'அப்படியல்ல, பிழைப்பவர்களும் உண்டு, அவர்களை உயிருடன் இருக்கும்போதே அடையாளம் காணலாம்' என்றார் அவர். வெகு காலம் வரையில் அவர் பேச்சை அநேகர் காதில் வாங்கவில்லை.

அடையாளம் கண்ட பிறகு சிகிச்சை என்ன? படுக்கைதான். அடிபட்ட இருதயத்துக்குப் பூரண ஓய்வு வேண்டும் என்பது அக்கால வைத்தியர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நோயாளி ஆறு வாரம் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். சோற்றைப் பிறர் ஊட்ட வேண்டும். புரண்டு படுப்பதற்குக்கூட மற்றொருவர் கை கொடுக்க வேண்டும். கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது அல்லவா? கால் முறிந்தவனை நடக்கவிடுவோமா? ஆனால் அசையாமல் கிடந்த அந்தக் கால்களின் நாளங்களில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறிப் பலர் மாண்டார்கள். மாரடைப்பில் தப்பியவர்களை மருத்துவமே கொன்றது. பாஸ்டன் நகரில் லெவைன், லவுன் என்ற இருவரும் 81 நோயாளிகளைத் துணிந்து சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, விபரீதம் ஒன்றும் நேரவில்லை என்று 1952-இல் எழுதினார்கள். அதன் பிறகே படுக்கைச் சிறையின் கதவு மெல்லத் திறந்தது.

1955-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. ஏழு வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். உலகத்தில் மிகுந்த செல்வமுள்ள தேசத்தின் தலைவர்! ஆயினும் அடைப்பைக் கரைக்கும் சிகிச்சை அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று நம் ஜில்லா ஆஸ்பத்திரியில் ஓர் ஏழைக் குடியானவருக்குக் கிடைக்கும் சிகிச்சை அது. இடையிலே நடந்தது என்ன?

அடைப்பைக் கண்ணால் கண்டது

முதலில், இருதயத்துக்குள் குழாயைச் செலுத்த முடியும் என்று ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் ஆஸ்பத்திரியில், 1929-இல், ஃபார்ஸ்மன் என்ற இளம் டாக்டர் இதற்கு அனுமதி கேட்டார். மேலதிகாரி மறுத்துவிட்டார். ஒரு நர்ஸ், 'என்மேல் பரீட்சை செய்யுங்கள்' என்று முன்வந்தாள். அவளை மேஜையில் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, அவள் அறியாமல் தம் கையின் நாளத்தையே அறுத்து, 65 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாயைத் தமக்குள்ளேயே ஏற்றிக்கொண்டார் ஃபார்ஸ்மன்! பிறகு எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, குழாயின் நுனி இருதயத்துக்குள் இருப்பதைப் படம் எடுத்தார். அவருக்குக் கிடைத்த சன்மானம் ஏளனம். மனம் வெறுத்து வேறு துறைக்குப் போய்விட்டார். அவர் காட்டிய வழியிலே நியூயார்க்கில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1956-இல் மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வந்தது.

1958-இல், கிளீவ்லண்ட் நகரில் ஸோன்ஸ் என்ற டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது, சாயமருந்து தற்செயலாக நோயாளியின் இருதயக் குழாய்க்குள்ளேயே பாய்ந்துவிட்டது. நோயாளி பிழைத்துக்கொண்டார், அந்தக் குழாய்களைத் தனித்தனியே படம் பிடிக்கலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. நம் ஊர்களில் இன்று 'ஆஞ்சியோ' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதுவே.

ஆனால் மாரடைப்பு வந்து துடித்துக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்ய எல்லோரும் அஞ்சினார்கள். அமெரிக்காவில் ஸ்போகேன் நகரத்து டிவுட் என்பவரும் அவருடைய சகாக்களும் துணிந்தார்கள். நோவு தொடங்கி நான்கு மணிக்குள் பார்த்த 126 பேரில் 110 பேருக்குக் குழாய் முழுவதும் அடைந்திருந்தது. 1980-இல் இது வெளியாயிற்று. ரத்தக் கட்டி மாரடைப்பின் காரணமா, அல்லது மாரடைப்பு வந்தபின் உண்டாகும் விளைவா என்று அதுவரையில் நடந்த வாதம் இத்துடன் பெரும்பாலும் அடங்கிற்று. அப்படியானால், கட்டியைக் கரைத்தால் பிழைப்பார்களா?

ஏன் சீட்டுப் போட வேண்டும்?

கரைக்கும் மருந்து புதியதன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியிலிருந்து கசியும் ஒரு பொருள் உறைந்த ரத்தத்தைக் கரைப்பதை 1933-லேயே டில்லெட் என்ற அமெரிக்கர் கண்டிருந்தார். 'ஸ்ட்ரெப்டோகைனேஸ்' என்று அதற்குப் பெயர். ஆனால் ரத்தத்தைக் கரைக்கும் மருந்து மூளையிலும் ரத்தக் கசிவை உண்டாக்கலாமே? நன்மை அதிகமா, தீமை அதிகமா?

'நூறு பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது. எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எண்ணுவது' என்று நாம் சொல்லக்கூடும். அங்கேதான் பெரிய படுகுழி இருக்கிறது. டாக்டரும் மனிதர்தானே? பிழைப்பார் என்று தோன்றுகிறவருக்குப் புது மருந்தைக் கொடுப்பார். நம்பிக்கையற்றவருக்குக் கொடுத்துக் கெட்ட பெயர் எடுத்துக்கொள்ள மாட்டார். அல்லது இதற்கு நேர்மாறாகச் செய்வார். இரண்டில் எது நடந்தாலும், கிடைக்கும் கணக்கு பொய்க் கணக்கு.

இந்தப் பொய்யை நீக்க ஒரே வழி திருவுளச் சீட்டு. பெண்ணுக்கு வரன் நிச்சயிக்கும்போது இரண்டு சீட்டு எழுதிச் சுவாமி முன்னால் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்கிறோமே, அதே முறை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் காணும் குடவோலை முறையும் இந்தத் தத்துவத்தைச் சேர்ந்ததே. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பட்சபாதம் நுழையாமல் இருக்கவே அங்கே குடத்தில் ஓலையிட்டார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று நீர் என்பதைச் சீட்டே தீர்மானிக்கட்டும்; கொடுக்கும் டாக்டருக்கும் வாங்கும் நோயாளிக்கும் அது தெரியாமல் இருக்கட்டும். இரு சாராரிலும் கிழவர், வாலிபர், பலசாலி, நோஞ்சான் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பார்கள். பிறகு இரு சாராருக்கும் இடையே வித்தியாசம் கண்டால் அதற்கு மருந்தே காரணம். 1948-இல் பிரிட்டனில் க்ஷயரோக மருந்து ஒன்றின் பரீட்சை இம்முறையில் வெளியானதிலிருந்து இது வைத்திய உலகத்தில் வேரூன்றலாயிற்று.

பதினேழாயிரம் பேர்

ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பற்றியும் சிறு சிறு பரீட்சைகள் பல நடந்திருந்தன. ஒன்று பலன் உண்டு என்றது. மற்றொன்று இல்லை என்றது. இந்தக் குழப்பத்தில் வெளிச்சம் காட்டியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர் என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடுகிறோம். கேரளத்தில் பிறந்து, பெங்களூர் ஸெயிண்ட் ஜான்ஸ் வைத்தியக் கல்லூரியில் படித்து, ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற டாக்டர் ஸலீம் யூஸுப் அவர். அங்கே அவர் காலின்ஸ், பீட்டோ முதலியவர்களுடன் சேர்ந்து, ஊசி மூலம் கொடுத்த கரைப்பு மருந்துகளைப் பற்றிய 24 பரீட்சைகளையும், அவற்றில் சேர்ந்த சுமார் ஆறாயிரம் பேரையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தார். தனித்தனியே பார்த்தால் தெளிவற்றிருந்த விஷயம் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. மரண அபாயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1985-இல் இதை வெளியிட்டார்கள். சிறிய பரீட்சைகள் போதா; எளிய முறையில் மிகப் பெரிய பரீட்சைகள் வேண்டும் என்பதே அவர்கள் வற்புறுத்திய கொள்கை.

அதன்படி பெரிய பரீட்சைகள் நடந்தன. இத்தாலி தேசத்தில் 176 இருதய சிகிச்சைக் கூடங்கள் ஒன்று சேர்ந்து சுமார் 11,800 நோயாளிகளைச் சீட்டுப்படி பிரித்தன. 1986-இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 13 பேர் மூன்று வாரத்தில் மாண்டார்கள். மருந்து பெற்றவர்களில் 100-க்கு 10.7 பேர். இது மொத்தக் கணக்கு. நேரத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோதுதான் அதிசயம் தெரிந்தது. நோவு கண்ட ஒரு மணிக்குள் மருந்து பெற்றவர்களில் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது! ஆறு மணி கழிந்து வந்தவர்களுக்கோ பலன் தெளிவாகத் தெரியவில்லை. "விடியட்டும்" என்ற சொல்லின் விலை முதன்முதலாகப் பெரிய அளவில் கணக்கிடப்பட்டது இங்கேதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1988-இல், ஆக்ஸ்போர்டிலிருந்து நடத்தப்பட்ட 'ஐஸிஸ்-2' என்ற பரீட்சையின் முடிவு வந்தது. 417 ஆஸ்பத்திரிகள்; 17,187 நோயாளிகள். இதில் ஸ்ட்ரெப்டோகைனேஸுடன், தலைவலிக்கு நாம் வாங்கும் அற்ப ஆஸ்பிரினும் பரீட்சிக்கப்பட்டது. இரண்டும் பெறாதவர்களில் 100-க்கு 13.2 பேர் ஐந்து வாரத்துக்குள் இருதய, ரத்தக் குழாய் நோய்களால் மாண்டார்கள். இரண்டையும் பெற்றவர்களில் 100-க்கு 8 பேரே மாண்டார்கள். அதாவது, ஆயிரம் பேருக்கு ஐம்பத்திரண்டு உயிர்கள்! ஆஸ்பிரின் மட்டும் உண்டவர்களுக்கும், ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் பெற்றவர்களுக்குக் கிடைத்த அளவுக்கு ஏறத்தாழச் சமமான பலன் இருந்தது. சில காசு பெறும் மாத்திரை!

இந்தப் பரீட்சையில் ஒரு வேடிக்கையும் உண்டு. முடிவை வெளியிட இருந்த பத்திரிகையார், 'ஆண்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு, முதியவர்களுக்கு எவ்வளவு என்று கூறு கூறாகப் பிரித்துக் காட்டுங்கள்' என்று கேட்டார்கள். அப்படிப் பிரித்துக்கொண்டே போனால் தற்செயலாக ஏதாவது ஒரு பொய் தலைகாட்டும் என்பது ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். அதை நிரூபிக்க, நோயாளிகளை அவரவர் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மேனாட்டு முறையில் பிறந்த தேதியைக் கொண்டு கணிக்கும் ராசி அது. அப்படிப் பார்த்ததில், மிதுன ராசிக்காரருக்கும் துலா ராசிக்காரருக்கும் ஆஸ்பிரின் சற்றுத் தீமை செய்வதாகவும், மற்ற பத்து ராசிக்காரருக்கும் பெரும் நன்மை செய்வதாகவும் கணக்கு வந்தது! நம் ஜோதிடர்கள் இதைக் கண்டு மகிழ வேண்டாம். கணக்கை வேண்டிய மட்டும் வளைத்தால் எதையும் சொல்லவைக்கலாம் என்பதே இதன் பாடம்.

நியாயம் கொன்ற கதை

இவ்வளவு சிரமம் எதற்கு, அனுபவமுள்ள டாக்டருக்கு எது நல்லது என்று தெரியாதா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம்.

மாரடைப்பில் தப்பியவர்களில் சிலருக்கு இருதயம் தாளம் தவறி இடையிடையே அதிகப்படியாகத் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் திடீரென்று மாண்டுபோவது அதிகம் என்பது தெரிந்த விஷயம். தாளம் தவறுவதை அடக்க நல்ல மருந்துகளும் கிடைத்தன. மருந்து கொடுத்தவுடன் ஈ.ஸி.ஜி. படத்தில் தப்புத் துடிப்புகள் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே மருந்து உயிரைக் காக்கும் என்று டாக்டர்கள் முடிவு கட்டினார்கள். தர்க்கத்தில் ஓட்டை ஏதாவது தெரிகிறதா? திரளான நோயாளிகள் அதை உண்டு வந்தார்கள். இதையும் சீட்டுப் போட்டுப் பரீட்சிக்க வேண்டும் என்று சிலர் சொன்னபோது, 'இவ்வளவு நல்ல மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடாமல் வஞ்சிப்பது பாவம் அல்லவா?' என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு.

பரீட்சை நடந்தது. 1989-இல் பாதியிலேயே நிறுத்தவும் பட்டது. என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற அந்த இரண்டு மருந்துகளைப் பெற்ற 755 பேரில் 63 பேர் மாண்டிருந்தார்கள். வெற்று மாத்திரையை உண்ட 743 பேரில் மாண்டவர் 26 பேர். தாளத்தைத் திருத்திய மருந்து தாளத்தையே நிறுத்திவிட்டது! சீட்டில் மருந்து கிடைக்காதவர்கள் வஞ்சிக்கப்பட்டவர்கள் அல்ல, அதிர்ஷ்டசாலிகள்.

இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் நம் மனம் திடுக்கிடுகிறது. அந்த டாக்டர்கள் மூடர்கள் அல்லர்; பேராசைக்காரர்களும் அல்லர். நல்லெண்ணம் படைத்த அறிவாளிகள். நல்லெண்ணமும், அறிவும், கண்ணுக்குத் தெரிந்த பலனும் ஒன்று சேர்ந்து மனிதர்களைக் கொன்றன. பரீட்சை நடந்திராவிட்டால் இன்னும் எத்தனை வருஷங்கள் கொன்றிருக்குமோ?

எது யாருக்கு?

பரீட்சை நமக்கு வேறு சில விவேகங்களையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஸூரிச் நகரில் 1977-ஆம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதி, குருன்ட்ஸிக் என்ற டாக்டர், சிறு பலூன் ஒன்றைக் குழாய் வழியே செலுத்தி, ஊதி, சுருங்கியிருந்த இருதயக் குழாயை விரித்தார். ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்தது இப்படித்தான். பின்னர், விரித்த இடம் மறுபடியும் மூடாமல் இருக்க 'ஸ்டெண்ட்' என்ற சிறு கம்பிவலைக் கூட்டை வைக்கலானார்கள். மாரடைப்பு நேர்ந்த சமயத்தில், காலதாமதம் இன்றிச் செய்தால், இது கரைப்பு மருந்தைக் காட்டிலும் சிறந்தது. 23 பரீட்சைகளை ஒன்றுசேர்த்து 2003-இல் இதைக் காட்டினார்கள்.

ஆனால், நடந்தால் மட்டும் மார்பு வலித்து, உட்கார்ந்தால் நின்றுவிடும் நிதானமான நோயுடையவர்களின் நிலை வேறு. அவர்களில் 2,287 பேரைச் சீட்டுப்படி பிரித்து நடத்திய பரீட்சையின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. நல்ல மருந்துகளுடன் ஸ்டெண்டும் வைத்துக்கொண்டவர்களுக்கு, மருந்து மட்டும் உண்டவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. வலியைக் குறைக்க அது உதவலாம்; ஆயுளை நீட்டிக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. அவ்வாறே, மாரடைப்பு நேர்ந்தவர்களின் உயிரைக் காத்த ஆஸ்பிரின், நோயே இல்லாத முதியவர்களுக்கும் நல்லதா என்று 19,114 பேரிடம் பரீட்சித்தார்கள். 2018-இல் வந்த பதில் இது: இருதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; ரத்தக் கசிவுதான் அதிகமாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நாமும் தினந்தோறும் ஆஸ்பிரின் விழுங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

நம் வீட்டுக் கடிகாரம்

மேற்சொன்னவை எல்லாம் அயல் தேசத்துச் சங்கதிகள் என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். டாக்டர் ஸலீம் யூஸுப் முன்னின்று 52 தேசங்களில் நடத்திய ஆராய்ச்சி 2004-இல் வெளிவந்தது. புகையிலை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொந்தி, மனக்கவலை, காய் கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது காரணங்களே உலகெங்கும் பெரும்பாலான மாரடைப்புகளுக்கு மூலம் என்று அது கண்டது. அந்த ஆராய்ச்சியிலேயே மற்றொரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாட்டாருக்கு ஏறத்தாழ 59. இந்தியா உள்ளிட்ட தெற்காசியர்களுக்கு 53. பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வயதில், பிள்ளை படிப்பை முடிக்காத வயதில், நம்மவர் போய்ச் சேர்கிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே 2012 முதல் 2014 வரையில் ஒரு முயற்சி நடந்தது. சிறு ஆஸ்பத்திரிகளையும் பெரிய இருதய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ் வண்டிகளால் இணைத்தார்கள். நோயாளியின் ஈ.ஸி.ஜி. படம் அவருக்கு முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்து சென்றது. ஐந்தோவன் கம்பியில் அனுப்பிய அந்த அலைதான் நூறு வருஷத்துக்குப் பிறகு இங்கே கம்பியில்லாமல் சென்றது! பக்கத்து ஆஸ்பத்திரியில் கரைப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏற்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக 2,420 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் மாண்டவர்கள் முன்பு 100-க்கு 17.6 பேர், பின்பு 14.2 பேர். இது சீட்டுப் போட்டு நடத்திய பரீட்சை அன்று. ஆனாலும் வழி காட்டுகிறது. அந்த 2,420 பேரில் பெண்கள் 386 பேர்தான் என்பது நம் கவனத்துக்கு உரியது. பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிடச் சற்றுப் பிந்தியே வருகிறது என்பது உண்மையே. ஆனால் மார்வலியை வெளியே சொல்லாமல் அடுப்படியிலேயே நின்றுவிட்ட தாய்மார்களும் உண்டு அல்லவா? பெண்களுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலி அதிகம் இல்லாமல், மூச்சுத் திணறலும் குமட்டலும் அயர்ச்சியுமாகவே மாரடைப்பு வரக்கூடும் என்பதை வீட்டார் மறக்கலாகாது.

ஆகவே, நாம் தொடங்கிய அந்த இரவு இரண்டு மணிக்குத் திரும்புவோம். மார்பில் பாரம், கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சு முட்டல் என்று எது கண்டாலும் ஓமத் தண்ணீருக்கு அடுப்பை மூட்ட வேண்டாம். 108-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நோயாளி தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஈ.ஸி.ஜி. எடுக்கவும் கரைப்பு மருந்து கொடுக்கவும் வசதியுள்ள ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுக்கு அருகில் எங்கே இருக்கிறது என்பதை இன்று பகலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வாயுவாக இருந்தால் சிரித்துக்கொண்டு திரும்பி வரலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நொடியும் தயங்காமல் ஆஸ்பிரினை நீட்டி, 'மென்று விழுங்குங்கள்' என்பார். அவருடைய கை தயங்காமல் இருப்பதற்குக் காரணம், முன்பு பதினேழாயிரம் பேர் நெஞ்சுவலியின் நடுவிலே, 'எனக்கு மருந்து கிடைத்தாலும் சரி, வெறும் நீர் கிடைத்தாலும் சரி' என்று சீட்டுக்குச் சம்மதித்ததுதான். அவர்களில் எந்தச் சீட்டு யாருக்கு விழுந்தது, யார் பிழைத்தார், யார் மாண்டார் என்று பெயர் சொல்லி நாம் அறியோம். அவர்கள் நம் பாஷையைப் பேசாதவர்கள். நம் ஊரைக் கேள்விப்பட்டிராதவர்கள். ஆயினும், இன்றிரவு நம் வீட்டில் ஓர் உயிர் பிழைக்குமானால், அது அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. அந்தக் கடனை நாம் தீர்க்கும் வழி ஒன்று உண்டு: நம்மிடமும் ஒரு நாள் டாக்டர், 'ஒரு பரீட்சை நடக்கிறது, சேர்கிறீர்களா?' என்று கேட்டால், 'என்னை எலியாக்கப் பார்க்கிறார்கள்' என்று எடுத்த எடுப்பில் சீறி விழாமல், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத் தெளிந்து, நிதானமாக யோசித்துப் பதில் சொல்வதே.